குதூகலமான தடித்த தமிழ் ஃபான்ட் தேர்ந்தெடுப்பது எப்படி: சாக்லேட் டப்பா முதல் பள்ளி விழா போஸ்டர் வரை

ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் ஒரு பக்கமாக நடந்தாலே தெரியும். ஹோம்மேட் சாக்லேட், தைலம், டீத்தூள், வர்க்கி என்று கடைக்குக் கடை பலகை இருக்கிறது, அதில் ஆங்கிலப் பெயர் மட்டும் உப்பி, உருண்டு, பார்த்ததும் உள்ளே போகத் தோன்றுகிற எழுத்தில் இருக்கும், கீழே தமிழ்ப் பெயர் கம்ப்யூட்டரில் தானாக வந்து விழுந்த ஒல்லி எழுத்தில் ஓரமாக நிற்கும். கடை ஒன்றுதான், சாக்லேட்டும் ஒன்றுதான், ஆனால் சந்தோஷம் முழுக்க ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. ஆங்கில ஃபான்டை முதலில் பிடித்துவிட்டு அதற்குப் பொருத்தமாகத் தமிழைத் தேடினால் எப்போதும் இப்படித்தான் முடியும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே நிலைப்பாட்டில் எழுதியது: தமிழ் ஃபான்டை முதலில் தேர்ந்தெடுங்கள், அதுவும் உங்கள் சொந்தச் சொற்களை அதில் அடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், ஆங்கிலம் பின்னால் வரட்டும்.

மே மாத சீசனுக்கு ஸ்டால் போடுகிறவர்கள், பள்ளி ஆண்டு விழாவுக்கு போஸ்டர் செய்கிற ஆசிரியர்கள், வீட்டிலேயே ஜாமும் சாக்லேட்டும் செய்து விற்கிறவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். டிசைன் படித்திருக்க வேண்டியதில்லை.

படி 1: பெரிதாக வரப்போகிற சொற்களை எழுதிக்கொள்ளுங்கள்

ஃபான்ட் தளத்தைத் திறக்கும் முன்பு ஒரு தாளில் மூன்று விஷயங்கள். பெரிய எழுத்தில் வரப்போவது சரியாக எந்தச் சொற்கள்? அது எதன்மேல் வரப்போகிறது: டப்பா ஸ்டிக்கரா, துணிப்பையா, கடைப் பலகையா, வாட்ஸ்அப்பில் அனுப்பும் படமா? எவ்வளவு தூரத்திலிருந்து, யார் படிக்கப் போகிறார்கள்?

முதல் கேள்விதான் முக்கியம். ஃபான்ட் தளத்தில் வரும் மாதிரி வாக்கியம் அந்த ஃபான்டுக்கு நன்றாக வருகிற எழுத்துகளைத்தான் காட்டும். உங்கள் கடைப் பெயரில் ‘ஞ’ இருக்கலாம், ‘ழூ’ இருக்கலாம், அதில் அந்த ஃபான்ட் சொதப்பலாம். ‘எலிசா சாக்லேட்’ என்ற பெயருக்கு அழகாக இருக்கும் ஃபான்ட் ‘ஞாயிறு சந்தை’க்கும் அழகாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொன்று, பெரிய எழுத்தில் வரும் சொற்கள் நான்கைத் தாண்டினால் குறைக்கப் பாருங்கள். குதூகல ஃபான்ட் சத்தமாகப் பேசுகிற ஃபான்ட். தலைப்புக்கு மட்டும்தான் அது. தேதி, இடம், விலை விவரம், போன் நம்பர் எல்லாம் அமைதியான ஒரு ஃபான்டில் வரட்டும்.

படி 2: தடித்த தமிழ் எங்கே அடைபடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள், இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். எழுத்தின் கோடு தடிக்கத் தடிக்க அந்தச் சுழிகளுக்கு உள்ளே இருக்கும் வெற்றிடம் சுருங்கும். நல்ல ஃபான்ட் செய்கிறவர் அந்த இடங்களில் மட்டும் கோட்டைக் கொஞ்சம் மெலிய வைத்து, எழுத்தைச் சற்று அகலமாக்கி, வெற்றிடத்தைக் காப்பாற்றியிருப்பார். அவசரமாகச் செய்த ஃபான்டில் எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருக்கும், ‘ண’ ஒரு கறுப்புக் கட்டியாகத் தெரியும்.

‘ஊட்டி’ என்ற சொல்லையே பெரிதாக்கிப் பாருங்கள், மூன்றே எழுத்து, ஆனால் மூன்று சோதனை அதில் இருக்கிறது. முதலில் ‘ஊ’: உகரத்தோடு ஒட்டி ஒரு குட்டி ‘ள’ உட்கார்ந்திருக்கிறது, தடித்த ஃபான்டில் அந்தக் குட்டி ளகரத்தின் உள் வெற்றிடம்தான் முதலில் காணாமல் போகும். அடுத்தது ‘ட்’டின் புள்ளி. புள்ளி பெரிதாக, உருண்டையாக இருந்தால்தான் விளையாட்டுத்தனம் வரும், ஆனால் பெரிதாக இருந்தால் பக்கத்து ‘டி’யின் கொக்கியை இடிக்கும். அது எப்படித் தீர்க்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்: புள்ளியும் கொக்கியும் ஒன்றுக்கொன்று மூச்சு விட இடம் இருக்கிறதா, இல்லை ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? கடைசியாக அந்தக் கொக்கியே. அது வளைந்து இறங்கும் விதத்தில்தான் ஃபான்டின் குணம் தெரியும். சில ஃபான்டில் துள்ளி நிற்கும், சிலவற்றில் கம்பி வளைத்த மாதிரி விறைப்பாக இருக்கும்.

‘கோத்தகிரி’யில் வேறு சிக்கல். ‘ே’ என்ற கொம்பின் மேல்சுழி அடைத்துக்கொண்டால் ‘ெ’ மாதிரி தெரியும், ஊர் ‘கொத்தகிரி’ ஆகிவிடும். அதே போல ‘எ’வும் ‘ஏ’வும், ஏகாரத்தின் காலில் இருக்கும் சின்னச் சாய்வுக் கோடு தடித்த ஃபான்டில் மொட்டையாகிப் போவது சகஜம்.

அப்புறம் ‘ர’வும் ‘ா’ என்ற துணைக்காலும். இரண்டுக்கும் வித்தியாசம் கீழே இருக்கும் அந்த வால் மட்டும்தான். வால் குட்டையாக இருந்தால் ‘மரம்’ என்பது ‘மாம்’ ஆகும். ‘ர்’, ‘ரி’ இரண்டிலும் வால் இல்லாமல் எழுதுவது பழைய அச்சு வழக்கம்தான், அதைப் பிழை என்று நினைக்க வேண்டாம். தனி ‘ர’வில் வால் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

ரெட்ரோ தோற்றம் வேண்டும் என்று பழைய ஃபான்ட் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள், அதாவது துதிக்கை வைத்த ‘லை’, ‘ளை’, ‘னை’, ‘ணை’ சில ஃபான்டில் இருக்கும். பார்க்க எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் பள்ளிக் குழந்தைகள் படிக்க வேண்டிய போஸ்டரில் அதைப் போடாதீர்கள், அவர்கள் தடுமாறுவார்கள்.

சோதிக்க நான் வைத்திருக்கும் வரி இது, எடுத்துக்கொள்ளுங்கள்: ‘ஊட்டி வர்க்கி, குன்னூர் ரயில், கோத்தகிரி மரம், ஞாயிறு சந்தை, ஏழு ரோஜாப்பூ, கண்ணாடி ஜாடி.’ கூடவே 0 முதல் 9 வரை எண்களும் ரூபாய்க் குறியும். ரூபாய்க் குறி 2010இல்தான் வந்தது, அதற்கு முந்தைய ஃபான்டில் இருக்காது. விலைப் பட்டியல் அடிக்கும் அன்று இரவு அதைக் கண்டுபிடிப்பதைவிட இப்போதே பார்த்துவிடலாம்.

படி 3: நான்கைந்து ஃபான்டை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள்

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் மொழியைத் தமிழ் என்று வைத்துத் தேடினால் கிடைக்கும் பட்டியல் சின்னதுதான், அதில் குதூகலத்துக்கு ஆகிறவை இன்னும் குறைவு. நான் எங்கிருந்து தொடங்குவேன் என்று சொல்கிறேன்.

*பலூ தம்பி 2.* மும்பையின் ஏக் டைப் குழு செய்தது. முனைகள் உருண்டு, உடம்பு கொழுத்து, ஆனால் சுழிகள் திறந்தே இருக்கும். சாதாரண தடிமனிலிருந்து எக்ஸ்ட்ரா போல்டு வரை ஐந்து தடிமன் இருப்பதால் தலைப்புக்கு மிகத் தடித்ததையும் அதன் கீழே இருக்கும் ஒரு வரிக்கு நடுத்தரத்தையும் ஒரே குடும்பத்திலிருந்து எடுக்கலாம். ஒரு விஷயம் கவனிக்கணும், வரிக்கும் வரிக்கும் நடுவே இது இயல்பாகவே நிறைய இடம் விடும், இரண்டு வரித் தலைப்பென்றால் நீங்கள்தான் வரி இடைவெளியைக் குறைக்க வேண்டும். எதை எடுப்பது என்று தெரியாதவர்களுக்கு என் பதில் இதுதான்.

*காய்னி.* ஒரே தடிமன்தான், அதுவே நல்ல தடிமன். பலூவைவிடக் குழந்தைத்தனம் அதிகம். மிட்டாய், பொம்மை, பிறந்த நாள், மழலையர் பள்ளி இதற்கெல்லாம் சரி. டீத்தூள் பாக்கெட்டுக்கு வைத்தால் கொஞ்சம் வயது குறைந்து தெரியும்.

*கவிவாணர்.* இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. சாய்ந்த கையெழுத்துச் சாயல். இது தடித்த ஃபான்ட் வகையில் சேராது, ஆனால் தடித்த தலைப்புக்குக் கீழே ‘வீட்டில் செய்தது’ என்று ஒரு சின்ன வரி வேண்டுமென்றால் அழகாக உட்காரும்.

*அனெக் தமிழ்.* இதுவும் ஏக் டைப்தான். தடிமனோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம், அதுதான் இதன் பலம். நீளமான பெயரை ஒடுக்கமான பலகையில் அடக்க வேண்டும், ஆனால் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கக் கூடாது என்றால் இதன் ஒடுங்கிய வடிவத்தை எடுங்கள். குதூகலம் கொஞ்சம் கம்மி, நிறத்தால் ஈடுகட்ட வேண்டும்.

*அரிமா.* மென்மையான வளைவுகள். ரோஜாக் கண்காட்சி, பூங்கொத்து, கல்யாண அழைப்பு மாதிரி இடங்களுக்கு. சத்தம் வேண்டாம், சிரிப்பு மட்டும் போதும் என்கிறபோது.

விவரங்களுக்கு முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டில் ஒன்று போதும்.

இப்போது முதல் படியில் எழுதிய சொற்களை இந்த ஐந்திலும் ஒரே அளவில், கறுப்பு வெள்ளையில், ஒன்றன்கீழ் ஒன்றாக அடியுங்கள். நிறம் வேண்டாம், நிறம் கண்ணை ஏமாற்றும். பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் குழந்தை இருந்தால் படிக்கச் சொல்லுங்கள், எங்கே திக்குகிறதோ அங்கே எழுத்து சரியில்லை.

படி 4: மலைக்கு வருகிற மற்ற மொழிகளையும் கணக்கில் எடுங்கள்

நீலகிரி மூன்று மாநிலம் சேரும் இடம். கூடலூர் பக்கம் கடை என்றால் மலையாளம் வேண்டும், மைசூர் பக்கமிருந்து மசினகுடி வழியாக ஏறி வருகிறவர்களுக்குக் கன்னடம் வைத்தால் சந்தோஷப்படுவார்கள். இந்த இடத்தில் பலூ குடும்பம் பெரிய உதவி: மலையாளத்துக்கு பலூ சேட்டன் 2, கன்னடத்துக்கு பலூ தம்மா 2, தெலுங்குக்கு பலூ தம்முடு 2 என்று அதே முகத்தோடு தனித்தனியாக இருக்கின்றன. அனெக்கிலும் அப்படியே. காய்னியில் தமிழும் ஆங்கிலமும் மட்டும்தான்.

கடைப் பெயர்ப்பலகை என்றால் தமிழ்தான் முதலில், பெரிதாக வர வேண்டும் என்பது தமிழ்நாட்டில் விதி. தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3 பங்கு, பிற மொழி 2 பங்கு என்பது அரசு சொல்லும் அளவு. விதிக்காக மட்டும் சொல்லவில்லை, இந்த அளவில் பலகை அமைத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும், கண் எங்கே முதலில் போக வேண்டும் என்பதில் குழப்பம் வராது.

படி 5: சாஃப்ட்வேரைத் தமிழுக்குத் தயார் செய்யுங்கள்

‘கொ’ என்று அடித்தால் ‘க’வுக்குப் பின்னால் கொம்பு போய் விழுகிறதா, நடுவில் புள்ளி வட்டம் வருகிறதா? ஃபான்டில் குறையில்லை, சாஃப்ட்வேர் அமைப்பில்தான். ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகளில் இது தானாகவே சரியாக வரும்; பழைய பதிப்பென்றால் ப்ரிஃபரன்ஸஸ் போய் டைப் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை வேர்ல்டு-ரெடி என்று மாற்றுங்கள், இன்னும் பழையதில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்று இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் ப்ரிஃபரன்ஸஸின் டைப் பகுதியில் ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸைத் தேர்ந்தெடுங்கள். இதெல்லாம் காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு இங்க்ஸ்கேப் இலவசம், தமிழ் ஒழுங்காக வரும். கேன்வாவில் வேலை செய்கிறவர்களுக்குச் சொந்த ஃபான்டை ஏற்றப் பணம் கட்டும் திட்டம் வேண்டும்.

எதுவாக இருந்தாலும் எழுத்தைத் தடிக்க வைக்கும் அந்த ‘பி’ (போல்டு) பட்டனை மட்டும் தொடாதீர்கள். தடித்த வடிவம் இல்லாத ஃபான்டில் அதை அழுத்தினால் சாஃப்ட்வேர் எழுத்தைச் சுற்றி ஒரு கோடு பூசிப் போலியாகத் தடிக்க வைக்கும், நாம் இரண்டாம் படியில் பார்த்து வைத்த வெற்றிடமெல்லாம் ஒரே நொடியில் அடைந்துவிடும்.

எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டுவதும் தமிழில் பெரிதாக எடுபடாது. ஆங்கிலத்தில் அகட்டி வைத்தால் ஸ்டைலாக இருக்கும், தமிழில் காலும் கொம்பும் தன் எழுத்தை விட்டு விலகி ‘கா’ என்பது ‘க’, ‘ா’ என்று இரண்டாகத் தெரியும். எழுத்துகளைத் துள்ள வைக்க ஆசையென்றால் ஒவ்வொரு எழுத்தையும் தனியாக மேலும் கீழும் நகர்த்துங்கள், ஆனால் ‘கோ’ போன்றவற்றை மூன்று துண்டையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

கார்ட்டூன் மாதிரி எழுத்தைச் சுற்றித் தடித்த வெள்ளை விளிம்பு வேண்டுமா? எழுத்தின் மேலேயே விளிம்பு போட்டால் பாதி உள்ளே போய் எழுத்தைத் தின்னும். எழுத்தை நகல் எடுத்து அடியில் வையுங்கள், அடியில் இருப்பதற்கு மட்டும் விளிம்பு கொடுங்கள், மேலே இருப்பது சுத்தமாக இருக்கும்.

படி 6: மூடுபனிக்கும் பழுப்புத் தாளுக்கும் சோதியுங்கள்

சமவெளியில் எழுதப்பட்ட எந்த டிசைன் பாடமும் இதைச் சொல்லாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கூடலூரும் ஊட்டியும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குன்னூரும் கோத்தகிரியும், பகலிலேயே பனிக்குள் போய்விடும். பனி எல்லா நிறத்தையும் வெளிற வைக்கும், முதலில் கரைவது எழுத்தும் தரையும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும் நிற ஜோடிகள். வெள்ளையில் மஞ்சள், வானநீலத்தில் இளஞ்சிவப்பு எல்லாம் செல்போனில் குதூகலமாகத் தெரியும், பலகையில் அரை ஃபர்லாங் தூரத்தில் ஒன்றுமே தெரியாது. டிசைனை கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், அதிலும் எழுத்து பளிச்சென்று நின்றால் பனியிலும் நிற்கும். மஞ்சள் தரையில் கருநீலம், வெள்ளையில் அரக்கு, இவை எனக்கு நம்பிக்கையான ஜோடிகள். தேயிலைத் தோட்டத்து ஓரம் வைக்கும் பலகைக்குப் பச்சை வேண்டவே வேண்டாம், பின்னால் இருக்கும் பச்சையோடு போய்விடும்.

பலகை ஓரத்துக்குத் தோடர் பூத்தையல் மாதிரியைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நேர்கோடும் கட்டமுமாக அது தனக்கே உரிய கம்பீரத்தோடு இருக்கிறது, உப்பிய உருண்டை எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கெடும். அதோடு அது புவிசார் குறியீடு பெற்ற ஒரு சமூகத்தின் கைவேலை, நம் சாக்லேட் டப்பாவுக்கு அலங்காரமாக எடுத்துக்கொள்வது எனக்கு ஒப்புதல் இல்லை.

அடுத்து தாள். இங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் பழுப்பு கிராஃப்ட் கவரும் துணிப்பையும்தான் நம் மேடை. கிராஃப்ட் தாள் மையை உறிஞ்சும், எழுத்து திரையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் தடித்தே விழும். அதனால் எக்ஸ்ட்ரா போல்டு ஆசையாக இருந்தாலும் ஒரு படி கீழே இறங்கி போல்டில் அடியுங்கள். சாதாரணப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது என்பதையும் மறக்காதீர்கள்: நீங்கள் வெள்ளை என்று விட்ட இடத்தில் தாளின் பழுப்புதான் வரும், வெளிர் நிறங்கள் எல்லாம் சேறு பூசினது மாதிரி மங்கும். கறுப்பு, அரக்கு, கரும்பச்சை இந்த மூன்றுக்குள் நில்லுங்கள். துணிப்பையில் ஸ்க்ரீன் பிரிண்ட் என்றால் சுழிக்குள் வெற்றிடம் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் நான் நம்ப மாட்டேன், எழுத்தைப் பெரிதாக்கிவிடுவேன்.

உணவுப் பொருள் லேபிளில் இன்னொரு கவனம். நிகர எடை, தயாரித்த தேதி, விலை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் போன்ற சட்டம் கேட்கும் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். இந்தப் பகுதி எதிலும் குதூகல ஃபான்ட் வேண்டாம்.

படி 7: உரிமமும் அச்சகமும்

மேலே சொன்ன கூகுள் ஃபான்டுகள் எல்லாம் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவை. விற்கும் பொருளில் போடலாம், லோகோ செய்யலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்; ஃபான்ட் ஃபைலை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. வேறு தளங்களில் ‘சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்’ என்று கிடைப்பது வேறு கதை. கடைக்கு, ஸ்டாலுக்கு, கட்டணம் வாங்கும் நிகழ்ச்சிக்குப் பயன்படுத்த அதற்குக் காசு கட்டித்தான் ஆக வேண்டும், கட்டுங்கள், ஒரு தமிழ் ஃபான்ட் செய்ய எவ்வளவு உழைப்பு போகிறது என்பது நூறுக்கு மேல் எழுத்து வடிவங்களை ஒவ்வொன்றாக வரைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அச்சகத்தில் இருக்கும் பழைய தமிழ் ஃபான்ட் தொகுப்புகளில் கண்ணைப் பறிக்கும் வடிவங்கள் நிறைய உண்டு. ஆனால் பாமினி மாதிரி பழைய குறியாக்கத்தில் இருப்பவை, இன்று போனிலும் கம்ப்யூட்டரிலும் பொதுவாகப் பயன்படும் யூனிகோடு முறையில் அடித்த வரியை ஏற்காது, நீங்கள் போனில் அடித்து அனுப்பிய வாசகம் அங்கே கிறுக்கலாகத் தெரியும், அவர் மறுபடி கையால் அடிப்பார், அங்கேதான் எழுத்துப் பிழை புகும். அதனால் நீங்களே முடித்து, ‘கர்வ்’ செய்து அனுப்புங்கள். கோரல் டிராவில் கண்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. எழுத்து படமாக மாறிவிடும், அவரிடம் ஃபான்ட் இல்லாவிட்டாலும் எதுவும் கலையாது. கர்வ் செய்யும் முன் ஒரு நகலை எடிட் செய்யக்கூடியபடி தனியாகச் சேமியுங்கள், அந்த ஃபோல்டரிலேயே ஃபான்ட் ஃபைலையும் லைசென்ஸ் கோப்பையும் போட்டு வையுங்கள், அடுத்த சீசனுக்கு விலை மாறும்போது தேவைப்படும்.

மொத்தமாக அடிக்கச் சொல்வதற்கு முன்பு, அதே தாளில், அதே அளவில் ஒரே ஒரு பிரதி கேளுங்கள். அச்சகக்காரர் அலுத்துக்கொண்டாலும் கேளுங்கள். அதை வெளியே எடுத்துப் போய் வெளிச்சத்தில் ‘ண’, ‘ஞ’, ‘ஊ’ மூன்றின் சுழியும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சரி என்றால் அடிக்கச் சொல்லுங்கள்.